பழைய ஸ்னீக்கர்: வீட்டிலேயே சரிசெய்யலாமா, தைக்கக் கொடுக்கலாமா, புதிது வாங்கலாமா?

ஸ்னீக்கர் பழசாகிவிட்டால் பெரும்பாலும் வாங்கின விலையை வைத்துத்தான் முடிவெடுக்கிறோம். எட்டாயிரம் கொடுத்தது என்றால் எப்படியாவது காப்பாற்றப் பார்ப்போம். எண்ணூறு ரூபாய் ஷூ என்றால் யோசிக்காமல் தூக்கிப் போடுவோம். இந்தக் கணக்கு பல சமயம் தலைகீழாகப் போய்விடுகிறது. எண்ணூறு ரூபாய் கேன்வாஸ் ஷூவின் ஓரம் பிரிந்திருந்தால் ஒரு சின்ன பசை டியூபை வைத்து இன்னும் பல மாதம் ஓட்டலாம். எட்டாயிரம் ரூபாய் ஷூவின் மிட்சோல், அதாவது காலுக்கும் அடி ரப்பருக்கும் நடுவிலுள்ள நுரை, நொறுங்க ஆரம்பித்துவிட்டால், மேலே எவ்வளவு செலவு செய்தாலும் அந்த மிட்சோல் திரும்பி வராது.

அதனால் பில்லைத் தேடுவதற்கு முன்னால் ஷூவைத் திருப்பிப் பாருங்கள். அதை எப்படிச் செய்திருக்கிறார்கள், எந்த இடத்தில் விட்டிருக்கிறது என்ற இரண்டும் தெரிந்துவிட்டால் பாதி முடிவு அங்கேயே ஆகிவிடும்.

நமக்கு இருக்கும் வழிகள் நான்கு. வீட்டிலேயே சரிசெய்வது, தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் கொடுப்பது, இப்போது சென்னை, பெங்களூரு போன்ற ஊர்களில் வந்திருக்கும், ஷூவைச் சுத்தம் செய்து பழுதும் பார்த்துத் தரும் ஸ்னீக்கர் லாண்டரியில் கொடுப்பது, இல்லையென்றால் புதிது வாங்குவது. இவற்றில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வது பெரும்பாலான ஷூக்களுக்குச் சரியாக வருவதில்லை. சுத்தம் செய்வதையும் ஒட்டுவதையும் வீட்டில் வைத்துக்கொண்டு, தையலை மட்டும் தைப்பவரிடம் விட்டால் பணமும் மிச்சம், ஷூவும் நிற்கும். இதுதான் என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் ஷூ எந்த வகை?

கான்வெர்ஸ், வேன்ஸ், பழைய மாதிரி வெள்ளை கேன்வாஸ் ஷூ எல்லாம் ஒரே குடும்பம். துணி மேல்பகுதியும் ரப்பர் சோலும் சேரும் இடத்தைச் சுற்றி ஒரு ரப்பர் பட்டையை ஒட்டி, மொத்த ஷூவையும் சூட்டில் வேகவைத்து இறுக்குவார்கள். ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் கெட்டிப்படும் என்று 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்தாரே, அதே முறைதான். நடக்கும்போது கால் விரல்கள் மடங்கும் இடத்தில் அந்தப் பட்டைதான் முதலில் வாய் பிளக்கும். வீட்டில் ஒட்டுவதற்கு இதைவிடத் தோதான பழுது கிடையாது.

அடிடாஸ் ஸ்டான் ஸ்மித், சூப்பர்ஸ்டார், 1982இல் வந்த நைக்கி ஏர் ஃபோர்ஸ் 1 போன்றவை இரண்டாவது வகை. கிண்ணம் மாதிரி வார்த்த கனமான ரப்பர் சோலுக்குள் மேல்பகுதியை உட்காரவைத்து, ஒட்டி, பக்கவாட்டில் தைத்திருப்பார்கள். பசை விட்டாலும் நூல் பிடித்துக்கொள்ளும். நூல் அறுந்தாலும் பழைய துளையிலேயே திரும்பத் தைக்கலாம். நீண்ட நாள் உழைக்க வேண்டுமானால் என் ஓட்டு இந்த வகைக்குத்தான்.

மூன்றாவது, ஓடுவதற்கென்று செய்த ஷூ. மேலே வலைத்துணி, நடுவில் தடிமனான நுரை, அடியில் மெல்லிய ரப்பர். தையல் பெரும்பாலும் இருக்காது, எல்லாம் பசைதான். இதில் ஒட்டு விடுவதைவிடப் பெரிய விஷயம் அந்த நுரை. அது பெரும்பாலும் இரண்டு விதத்தில் வருகிறது, இரண்டும் இரண்டு விதமாகச் சாகிறது.

ஈவிஏ என்ற நுரை லேசானது. ஈரத்தால் அது நொறுங்காது. ஆனால் மிதிக்க மிதிக்கச் சப்பையாகி, திரும்ப எழும்பாது. ஓட்டக்காரர்கள் பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் ஷூவை மாற்றச் சொல்வது இதனால்தான். பாலியூரித்தேன் நுரை கனமானது, மெத்தென்று இருக்கும், சீக்கிரம் சப்பையாகாது. ஆனால் காற்றிலுள்ள ஈரம் அதன் வேதிப் பிணைப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டே இருக்கும். அணிந்தாலும் சரி, பெட்டியில் பத்திரமாகப் பூட்டி வைத்தாலும் சரி, சில வருஷங்களில் உள்ளுக்குள் உதிர ஆரம்பிக்கும். 1988, 1989இல் வந்த ஏர் ஜோர்டான் 3, 4 மாடல்களின் முதல் பதிப்பைச் சேர்த்து வைத்தவர்களுக்கு இந்த வலி தெரியும். மேல்தோல் புத்தம் புதிதாக இருக்கும், காலில் மாட்டி நான்கு அடி வைத்தால் குதிகால் கேக் துண்டு போல உதிர்ந்து விழும். நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் இது இன்னும் வேகமாக நடக்கும்.

சோதிப்பது எளிது. மிட்சோலைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். பள்ளம் அப்படியே நின்றாலோ, மயிரிழை வெடிப்புகள் தெரிந்தாலோ, துகள் உதிர்ந்தாலோ, பிசுபிசுவென்று ஒட்டினாலோ அந்தச் சோலின் மேல் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். ஒட்டினால் பசை பிடிக்கும், பசைக்குப் பக்கத்திலுள்ள நுரை பிய்ந்து வரும். வேறொரு ஷூவின் சோலைக் கழற்றி இதில் பொருத்துகிற கைவினைஞர்கள் இருக்கிறார்கள். சேகரிப்பாளர்களுக்கு அது சரி, தினமும் ஆபீஸ் போய்வர வேண்டியவருக்குக் கட்டுப்படியாகாது.

சுத்தம் செய்வதில் வீடுதான் ஜெயிக்கும்

பார்க்கப் பழசாகத் தெரியும் ஷூக்களில் பல உண்மையில் அழுக்கான ஷூக்கள்தான். கயிற்றையும், பாதத்துக்கு அடியில் உள்ளே போடும் இன்சோலையும் மாற்றி, ரப்பர் ஓரத்தைத் தேய்த்தாலே பாதி வயது குறைந்துவிடும். ரப்பர் ஓரத்துக்கு மெலமைன் ஸ்பாஞ்ச் அருமையாக வேலை செய்யும். அது மிக நுண்ணிய உப்புத்தாள் மாதிரி சுரண்டித்தான் அழுக்கை எடுக்கிறது, ஆகவே பளபளப்பான தோலில் அதை வைக்க வேண்டாம். வெள்ளைப் பற்பசையும் ரப்பருக்கு ஓரளவு உதவும். ஜெல் பற்பசையால் பெரிய பயன் இல்லை.

வாஷிங் மெஷினா, கையா என்று கேட்டால் என் பதில் கை. பல ஷூ நிறுவனங்களும் அப்படித்தான் சொல்கின்றன. வெந்நீர் பசையை இளக்கும், டிரம்மில் மோதுகிற மோதலில் விடத் தயாராக இருந்த ஓரம் விட்டுவிடும். பூனைமுடி போல மெத்தென்ற மேல்பரப்புள்ள ஸ்வேட் தோலுக்குத் தண்ணீரே ஆகாது. காய்ந்த பிறகு பிரஷ், அப்புறம் ஒரு சாதாரண அழிப்பான், அவ்வளவு போதும்.

வெள்ளை கேன்வாஸ் ஷூவைத் துவைத்துக் காயவைத்தால் ஓரங்களில் மஞ்சள் கோடு வருகிறது என்ற புலம்பலை எல்லா வீட்டிலும் கேட்கலாம். துணி காயும்போது உள்ளே தங்கிய சோப்பும் அழுக்கும், போர் தண்ணீராக இருந்தால் அதிலுள்ள இரும்பும், ஈரத்தோடு சேர்ந்து மேல்பரப்புக்கு வருகின்றன. தண்ணீர் ஆவியாகிவிடும், கறை தங்கிவிடும். அதனால் சோப்பைக் குறைத்து, அலசுவதைக் கூட்டுங்கள். கடைசி அலசலில் ஒரு வாளிக்கு இரண்டு மூடி வினிகர் விடலாம். பிறகு ஈர ஷூவின் மேல் வெள்ளை டிஷ்யூ தாளை நன்றாக ஒட்டிச் சுற்றி நிழலில் காயவையுங்கள். மேலே வரவேண்டிய மஞ்சள் துணியில் நிற்காமல் தாளில் ஏறிவிடும். மறுநாள் தாளை உரிக்கும்போது அதில் பழுப்பு வளையங்கள் தெரியும். கடைசியில் ஒரு சொட்டு உஜாலா போடுவது நம் வீடுகளின் பழக்கம், அதில் தப்பே இல்லை.

குளோரின் பிளீச் மட்டும் வேண்டாம். பருத்தியை நைந்துபோகச் செய்யும், செயற்கை நூலை மஞ்சளாக்கவும் செய்யும். வினிகரோடு கலந்தாலோ நச்சு வாயு வரும், இந்த இரண்டையும் ஒரே நாளில் ஒரே வாளிப் பக்கம் கொண்டுவராதீர்கள். வெளுக்கத்தான் வேண்டும் என்றால் வேனிஷ் போன்ற ஆக்சிஜன் பிளீச் பரவாயில்லை.

மஞ்சளாகிப்போன ரப்பர் சோல் வேறு கதை. அது அழுக்கு இல்லை, ரப்பரும் அதில் கலந்த பொருட்களும் காற்றிலும் வெயிலிலும் ஆக்சிஜனோடு சேர்ந்து மாறிய நிறம். தேய்த்தால் போகாது. ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி, காயாமல் பிளாஸ்டிக் உறையால் மூடி, சில மணிநேரம் வெயிலில் வைப்பார்கள். மருந்துக்கடையில் கிடைப்பது பொதுவாக 6 சதவீதத் திரவம். அதைப் பஞ்சில் நனைத்துச் சோலைச் சுற்றி ஒட்டிவைத்தால் மெதுவாக வேலை செய்யும். கையுறை கட்டாயம், நிறமுள்ள துணி மேல் படக் கூடாது. வெளுத்த சோல் சில மாதத்தில் திரும்பவும் மஞ்சளாகலாம் என்பதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். எனக்கு அந்த லேசான மஞ்சள் ஒரு குறையாகவே தெரிவதில்லை.

ஒட்டுவது: பசையைவிடத் தயாரிப்பு முக்கியம்

ஷூ வாய் பிளந்ததும் கை போவது ஃபெவிக்விக் மேல். அந்த இனப் பசை காய்ந்தால் கண்ணாடி போல விறைத்துவிடும். ஷூவோ ஒவ்வொரு அடிக்கும் மடங்குகிற பொருள். மடங்கும் இடத்தில் அது பட்டென்று வெடித்து, ரப்பரில் கெட்டியான ஒரு படலத்தை விட்டுவிட்டுப் போகும். அடுத்த முறை நல்ல பசை போட்டாலும் அந்தப் படலத்தின் மேல் பிடிக்காது. மடங்காத குதிகால் ஓரத்தில் ஒரு சின்னப் பிரிவுக்கு வேண்டுமானால் வைக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

செருப்புத் தைப்பவர்கள் சொல்யூஷன் என்று சொல்லும் மஞ்சள் நிற ரப்பர் பசைதான் இந்த வேலைக்கு உரியது. ஃபெவிகால் எஸ்ஆர் 998 அந்த இனம். காய்ந்தாலும் வளையும். ஆனால் இதற்கு ஒரு முறை இருக்கிறது, அந்த முறையில்தான் பலர் அவசரப்படுகிறார்கள்.

பிரிந்த வாயை விரித்து உள்ளே பாருங்கள். பழைய பசை தோல் போலப் படிந்திருக்கும், அதன் மேல் தெருப்புழுதி. இதைச் சுரண்டி எடுக்காமல் புதுப் பசை போட்டால் புழுதியைத்தான் ஒட்டுகிறோம். முனை மழுங்கிய கத்தியால் பழைய பசையைக் கிளப்புங்கள், உருண்டு உருண்டு வரும். பிறகு கரடான உப்புத்தாளை மடித்து உள்ளே விட்டு இரண்டு பக்கமும் தேயுங்கள். ரப்பரின் பளபளப்பு போய் மங்கலாகத் தெரிந்தால் போதும். கொஞ்சம் அசிட்டோனைத் துணியில் நனைத்துத் துடைத்துக் காயவிடுங்கள். இனி பசை: இரண்டு பக்கமும் மெல்லிசாக ஒரு பூச்சு, பத்துப் பதினைந்து நிமிஷம் சும்மா விட்டு இன்னொரு பூச்சு, திரும்பவும் அதே காத்திருப்பு. விரலின் முட்டியால் தொட்டால் பசை விரலோடு வரக் கூடாது, லேசாகப் பிடித்து விட வேண்டும். அதுதான் பதம். ஹேர் டிரையரால் அரை நிமிஷம் சூடு காட்டி, நடுவிலிருந்து வெளியே நோக்கி அழுத்துங்கள். எவ்வளவு நேரம் அழுத்துகிறோம் என்பதைவிட எவ்வளவு பலமாக அழுத்துகிறோம் என்பதுதான் இந்தப் பசைக்குக் கணக்கு. ஷூவுக்குள் துணி திணித்து, பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி இழுத்துச் சுற்றி ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். கயிற்றைவிட டியூப் நல்லது, வளைவுகளிலும் ஒரே சீராக அமுக்கும்.

மழை நாளில் இந்த வேலை வேண்டாம். பசையின் கரைப்பான் ஆவியாகும்போது மேல்பரப்பு குளிர்ந்து, ஈரக்காற்றில் உள்ள நீர் அதன் மேல் படியும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஈரப்படலமே ஒட்டைக் கெடுக்கும். ஐப்பசி அடைமழையில் ஒட்டிய ஷூ கார்த்திகைக்குள் வாய் திறந்தால் பசையைக் குறை சொல்ல முடியாது. இன்னொன்று, இதன் நெடி கெட்டது, தீயும் சட்டென்று பிடிக்கும். மொட்டைமாடியோ பால்கனியோதான் இடம். சமையலறையும் பிள்ளைகள் இருக்கும் அறையும் கூடாது.

எல்லாச் சோலுக்கும் இந்தப் பசை பிடிக்குமா என்றால், இல்லை. வெந்த ரப்பருக்கும் துணிக்கும் தோலுக்கும் நன்றாகப் பிடிக்கும். மலிவான பள்ளி ஷூக்களில் பலவற்றின் சோல் பிவிசி. அதில் மென்மைக்காகக் கலந்திருக்கும் எண்ணெய் மெல்ல மெல்லப் பசைக்குள் ஊறி அதை இளக்கிவிடும், அதற்குப் பாலியூரித்தேன் பசைதான் தாங்கும். ஈவிஏ நுரைக்கு முதலில் பிரைமர், அதாவது பசை பிடிக்க வைக்கும் அடிப்பூச்சு, பூச வேண்டும், தொழிற்சாலையிலும் அப்படித்தான் செய்கிறார்கள். வீட்டில் பிரைமர் இல்லாமல் ஒட்டின ஓட்டஷூ சீக்கிரம் பிரிந்துவிடுவது இதனால்தான்.

தைப்பவரிடம் போகும்போது

சோல் பாதிக்கு மேல் பிரிந்திருந்தால் பசையை மட்டும் நம்ப வேண்டாம். நூல் வேண்டும். அந்த வேலையை வீட்டில் செய்யலாம் என்று ஊசி, நூல், விரலுறை எல்லாம் விற்கிறார்கள். கெட்டி ரப்பரில் ஒரே சீரான இடைவெளியில், கோணாமல் குத்தூசியை இறக்குவது பழகின கைக்குத்தான் வரும். கொக்கி முனையால் உள்ளேயிருந்து நூலை இழுத்து, கண்ணி போட்டு, அடுத்த துளைக்குப் போகிற அந்த வேகத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தால் நாம் ஏன் இதில் இறங்கக் கூடாது என்று புரியும். சில நூறு ரூபாய்க்குள் இரண்டு ஷூவுக்கும் சுற்றுத் தையல் முடிந்துவிடும். இந்த வேலைக்கு இது குறைந்த கூலி, பேரம் பேச வேண்டாம்.

ஆனால் ஷூவை அப்படியே அழுக்கோடு கொண்டுபோய் நீட்டினால், வரிசையில் நிற்பவர்களுக்கு நடுவே அவருக்கும் சுரண்ட நேரம் இருக்காது. புழுதி மேலேயே பசை தடவித் தைத்துத் தருவார். வீட்டிலேயே சுத்தம் செய்து, ஒட்டி, ஒரு நாள் காயவிட்டுக் கொண்டுபோங்கள். "அண்ணா, பேஸ்டிங் ஆச்சு. சுத்தித் தையல் மட்டும் போடுங்க. ஆணி வேண்டாம்" என்று சொன்னால் போதும். கிண்ணச் சோலில் பழைய தையல் தடத்திலேயே போடச் சொல்லுங்கள், வெளியே பார்த்தால் தெரியாது. குதிகாலுக்குப் பின்னால் உள்துணி கிழிந்து பிளாஸ்டிக் குத்துகிறது என்றால் அதற்கும் அவரே வழி: மெல்லிய தோலோ ரெக்சினோ வைத்துத் தைத்துவிடுவார். கடையில் விற்கும் ஒட்டுப்பட்டைகள் வியர்வையில் சுருண்டுகொள்ளும், இந்தத் தையல் ஷூவோடு கடைசிவரை வரும்.

கான்வெர்ஸ் போன்ற ஷூவில் பட்டை மட்டும் பிரிந்திருந்தால் தைக்காதீர்கள். துளை வழியாகத் தண்ணீர் போகும், மெல்லிய பட்டை தையல் தடத்திலேயே கிழியவும் செய்யும். நுரைச் சோல் ஓட்டஷூவில் நூலை இறுக்கினால் அது நுரையை அறுத்துக்கொண்டு உள்ளே போகும். நடப்பதற்கென்றால் பரவாயில்லை, ஓட ஆகாது. காற்றுப் பை தெரிகிற ஏர் மேக்ஸ் போன்ற ஷூவை ஊசிப் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

லாண்டரிக்கு எப்போது?

வெறும் அழுக்குக்காக அங்கே போவது வீண் செலவு. அரை மணிநேரமும் ஒரு பழைய டூத்பிரஷும் அந்த வேலையைச் செய்துவிடும். அங்கே கொடுத்தால் நியாயம் என்று நான் நினைப்பது மூன்று வேலைக்கு: ஸ்வேட் அல்லது அதைப் போன்ற நுபக் தோலில் எண்ணெய்க் கறை, வெள்ளைத் தோலில் நிறம் உரிந்து திரும்பப் பூச வேண்டிய நிலை, ஈவிஏ சோலைத் திரும்ப ஒட்டுவது. கொடுக்கும் முன் சோல் அழுத்தும் மெஷினும் பிரைமரும் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் அவர்கள் செய்வதும் நீங்கள் வீட்டில் செய்வதும் ஒன்றுதான். நிறம் பூசுவதை வீட்டிலும் செய்யலாம், தோலுக்கென்று உள்ள அக்ரிலிக் பெயிண்ட் கிடைக்கிறது. பழைய மேல்பூச்சை அசிட்டோனால் எடுத்துவிட்டு, மெல்லிசாகப் பல பூச்சுகள் பூச வேண்டும். பள்ளி ஷூவுக்குப் போடும் வெள்ளை பாலிஷ் இதற்கு மாற்று இல்லை. மடங்கும் இடத்தில் வெடித்து பேன்ட்டில் ஒட்டும்.

புதிது வாங்குவதே சரி என்றால்

நொறுங்கும் மிட்சோலுக்கு வேறு பதில் இல்லை. நுரை சப்பையான ஓட்டஷூவுக்கும் அப்படித்தான், மேல்பகுதி எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. அதை மார்க்கெட்டுக்கும் மாடிக்கும் ஒதுக்கிவிட்டு, ஓட மட்டும் புதிது வாங்குங்கள். முழங்கால் விஷயத்தில் சிக்கனம் பார்க்க முடியாது. வளரும் பிள்ளையின் ஷூவுக்கு ஒட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கால் பெரிதானால் தையல் கூலி வீணாகும். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையுள்ள காலணிகளுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான், அதற்கு மேல் 18. மலிவு ஷூவைப் பழுதுபார்ப்பதா, மாற்றுவதா என்று தடுமாறுபவர்களுக்கு இந்த வித்தியாசமும் ஒரு கணக்கு.

கடையில் புதிதாக எடுக்கும்போது ஒன்றைப் பாருங்கள். சோலின் ஓரத்தில் ஓடும் தையலை நகத்தால் நெருடுங்கள். நூல் தனியாக அசைந்தால் அது உண்மைத் தையல், சில வருஷம் கழித்து அதே துளைகளில் திரும்பத் தைத்துக்கொள்ளலாம். ரப்பரோடு ரப்பராக இறுகிக் கிடந்தால் அச்சில் வார்த்த வெறும் கோடு, உள்ளே பசை மட்டும்தான் பிடித்துக்கொண்டிருக்கும். ஒரே விலையில் இரண்டும் கிடைத்தால் முதலாவதை எடுங்கள்.